சாமி தூக்கிய குடம்

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருந்தது. எங்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை இல்லையென்று ஆகிப்போன காலத்தில்தான் சாமி வந்தார். கதிர்காமத்துக்கு நடந்து போய் மொனராகலை வழியாகத் திரும்பியவர், காய்ச்சலில் எங்கள் மாரியம்மன் கோயிலில் படுத்துவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த நாங்கள் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டோம். காய்ச்சல் விட்ட பிறகும் அவர் போகவில்லை. பெரிய கங்காணி தோட்டத்துத் துரையிடம் கேட்டு, கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாமி தேவாரம் சொல்லிக் கொடுப்பார். ஆண்கள் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போய் உட்காருவார்கள். நாங்கள் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்குவோம். தண்ணீர் விழும் அந்த இடம் பள்ளத்தில் இருந்தது. ஏறி வந்து அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடிப்பதற்குள் பூசை முடிந்துவிடும். அதற்கு வருத்தப்படக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி என் புருஷனிடம் கேட்டார்.

"பொம்பளைங்க ஏன் வர்றதில்ல?"

"அவளுகளுக்கு வேல இருக்குங்க சாமி."

"என்ன வேல?"

"தண்ணி எடுக்கணும், சோறாக்கணும்."

சாமி எழுந்து பீலிக்கு வந்தார். வரிசையில் முதலில் நின்ற என் குடத்தை வாங்கி, நிரப்பி, தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வேணாங்க சாமி, பாவம் எங்களுக்குத்தான் வந்து சேரும்."

"வந்தா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவோம். வழிய விடு தாயி."

அன்று அவர் யாருக்கும் தேவாரம் சொல்லித் தரவில்லை. லயத்தில் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கப் போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த வெள்ளியும் அப்படியே. என் புருஷன் வாசலில் நின்று முறைத்தார்.

"ஊரே சிரிக்குது. அந்த மனுசன நம்ம வீட்டுக்குத் தண்ணி சொமக்க விட்டுட்டியே."

"நானா விட்டேன்? நீங்க போய் அவருகிட்ட கொடத்த வாங்குங்க."

போனார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் போனார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நாங்களும் கோயிலில் உட்கார்ந்தோம். முதல் பாட்டு முடிவதற்குள் நான் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவேன். யாரோ என்னை எழுப்பப் போனபோது சாமி தடுத்தாராம். "விடுங்க. பகலெல்லாம் மலையில நின்னுட்டு வந்திருக்கு."

சில வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு மழைக்காலத்தில் சாமிக்கு நெஞ்சில் சளி கட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். தோட்டத்தில் சமாதி வைக்க எங்களுக்கென்று சொந்த நிலம் ஏது? அவரைத் தேடி எப்போதாவது காரில் வந்துபோன பதுளை உத்தியோகத்தர் சிலர், டவுனுக்கு வெளியே இடம் வாங்கி அடக்கம் செய்து, மடமும் கட்டினார்கள். நல்ல மனிதர்கள்தான்.

முதல் குருபூசைக்கு பஸ்ஸில் போனோம். இறங்கியதுமே ஒரு ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, நீங்கள் தோட்டத்துச் சனம்தானே? அன்னதானத்துக்கு ஆள் காணாது. பெண்டுகள் எல்லாரும் குசினிப் பக்கம் வாங்கோ."

அரிசி கழுவி, காய் நறுக்கி, அண்டாவுக்குத் தண்ணீர் சுமந்தோம். மண்டபத்தில் ஒருவர் பேசியது ஒலிபெருக்கியில் கேட்டது. சாமி ஆன்மாவைப் பற்றி என்ன சொன்னார், மாயையைப் பற்றி என்ன சொன்னார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவையெல்லாம் அவர் சொன்னவையாகவே இருக்கலாம். நான்தான் தூங்கிவிட்டேனே. தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இடுப்பு வலித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் புருஷன் கேட்டார்.

"சாமி படத்துக்கு முன்னால உன்னக் காணோமே?"

"உள்ள வர விட்டாத்தானே. சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வருஷம் குருபூசைக்கு அழைப்பு வந்தபோது, "நாம போக வேணாம்," என்று அவரேதான் சொன்னார்.

லயத்து ஆண்கள் ஒவ்வொருவராகப் பழையபடி ஆனார்கள். சாமி இல்லாத இடத்தில் யாருக்கு வெட்கம்? என் புருஷன் மட்டும் தண்ணீர் எடுப்பதை நிறுத்தவில்லை. காரணம் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கிவிடுவார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆனபோது சாமியின் பேச்சே தோட்டத்தில் குறைந்துபோயிருந்தது. மருமகள் எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். வந்த புதிதில், மாமனார் குடத்தோடு போவதைப் பார்த்துப் பதறிப்போய் வாங்கப் பார்த்தாள். அவர் கொடுக்கவில்லை. அன்று இராத்திரி அவள் தன் புருஷனிடம் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

"உங்க வீட்ல ஆம்பளைங்கதான் தண்ணி எடுக்குற வழக்கமா?"

"ஆமா," என்றான் மகன்.