போனின் காது

அம்பத்தூரில் ரயில் ஏறினால் எனக்கு உட்கார இடம் கிடைக்காது. கதவோரக் கம்பியில் சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கும். அன்றும் அப்படித்தான் சாய்ந்திருந்தேன். பகல் முழுக்க முகம் தெரியாதவர்களின் புகார்களுக்கு “புரிகிறது, வருந்துகிறோம்” என்று தட்டித் தட்டி விரல் மரத்துப் போயிருந்தது. அன்னனூர் தாண்டும்போது என் பைக்குள் போன் அதிர்ந்தது. பை கம்பியோடு ஒட்டியிருந்ததால் கம்பி முழுக்க ர்ர்ரென்றது. மேலே அதே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வெடுக்கென்று கையை எடுத்துத் தன் பையைத் துழாவினார். தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் என்னை ஒரு முறை முறைத்தார்.

அந்த முறைப்பில்தான் யோசனை வந்தது. இத்தனை பெரிய கம்பியை ஆட்டுவது சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு மோட்டார். அப்பாவின் போனில் செத்துக் கிடப்பதும் அது ஒன்றுதான். கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தால் முடிந்தது. அழைத்தது யார் என்றுகூடப் பார்க்காமல், ஆவடி வருவதற்குள் அந்த மோட்டாருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் வேலை. தகட்டை வைத்து அழுத்தி வண்டிப் பாகங்கள் அடிக்கிற இடம். என் வயதைவிட அதிக காலம் அந்தச் சத்தத்தில் நின்றதில் அவர் காது ஒரு தினுசாகப் போய்விட்டது. போனைக் காதோடு வைத்தால் ஆண் குரல் கேட்கும். குக்கர் விசில், கொலுசு, ரிங்டோன் எதுவும் கேட்காது. என் குரலும் அந்தக் கீச்சு உயரத்தில்தான் இருக்கிறது போல. நான் பேசினால் அவர் என் உதட்டைப் பார்ப்பார்.

பழைய கம்பெனி மூடிய பிறகு அவருக்கு நிரந்தரம் என்று எதுவும் இல்லை. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் முந்தின சாயங்காலம் போன் செய்வார். எடுத்தால் மறுநாள் ஷிப்ட் நம்முடையது. எடுக்காவிட்டால் அவர் காத்திருக்கமாட்டார், அடுத்த ஆளுக்கு அடித்துவிடுவார். போன் அப்பாவின் சட்டைப் பாக்கெட்டில், நெஞ்சை ஒட்டி இருக்கும். அதிர்ந்தால் எடுப்பார். இத்தனை வருஷமும் அது ஓடியது. ஒரு நாள் அதிர்வு நின்றுபோனது. அந்த வாரமே இரண்டு ஷிப்ட் வேறு யாருக்கோ போயிற்று.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் மோட்டார் ஆனோம். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் பகலெல்லாம் தையல் மெஷின் மிதித்துவிட்டு வந்து, காலை நீட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “கைக்கொழந்த கெட்டுது போ. இத்த மடியில வெச்சிகினு நான் பாத்ரூம்கூட போக முடியல” என்பாள். நான் வந்ததும் போன் என் கைக்கு மாறும். அப்பா மொட்டை மாடியில் இருந்தால் படியேறி ஓடவேண்டும். தெருமுனையில் இருந்தால் செருப்பில்லாமல் ஓடவேண்டும்.

ஒரு தடவை ஓட முடியாமல் நானே எடுத்துவிட்டேன். “இன்னா பாப்பா, நைனா எங்க? காதுல உழலையா?” என்று சூப்பர்வைசர் சிரித்தார். சும்மா கேட்டதுதான். விஷயம் தெரிந்தபோது அப்பா என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“இனிமே நீ எடுக்காதமா. அடிச்சா என் கைல குடு. காது இல்லாதவன மிஷின்ல உடமாட்டான். வாட்ச்மேனா கேட்டாண்ட நாற்காலி போட்டு ஒக்கார வெச்சிடுவான்.”

“அங்க கீற எல்லாருக்கும்தானே காது போச்சு?”

“போச்சுதான். போச்சுன்னு எவனும் சொல்லல பாரு. அதுல ஓடுது.”

நான் சும்மா இருக்கவில்லை. எதையாவது செய்துபார்க்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கையில் கட்டுகிற ஒரு பட்டை வாங்கிக் கொடுத்தேன், அதுவும் அதிரும். பிரஸ் ஷாப்பில் கையில் மோதிரம், வாட்ச், சாமிக் கயிறு எதுவும் ஆகாது. அந்தப் பழக்கத்தில் அவர் மணிக்கட்டு எதையும் பொறுக்காது. கழற்றி எங்கோ வைப்பார், நாங்கள் போனைத் தேடாமல் பட்டையைத் தேடுவோம். கனமான சத்தம் கேட்குமே என்று தவிலை ரிங்டோனாக வைத்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தவில், தகர டப்பாவைத் தட்டினாற்போல் வந்தது. ஸ்டேஷன் ரோட்டுக் கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வைப்ரேட்டரா? அதுக்குன்னு யாருமே வர்றதில்லம்மா. உட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல பாத்து சொல்றேன்” என்றார். இரண்டு சாயங்காலம் போன் கடையில் இருந்தால் இரண்டு ஷிப்ட் போச்சு. சிம்மைக் கழற்றி என் போனில் போட்டுக்கொள்ளலாம் என்றால், பல நாள் அந்த நேரத்தில் நான் ரயிலில் நின்றுகொண்டிருப்பேன்.

மோட்டார் ஒரு சின்னக் கவரில் வந்தது. பிரித்துப் பார்த்த அம்மா, “இதுவா? மாத்திரை மாதிரி கீது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ஞாயிறு என்றால் எனக்கு உடம்பு முழுக்க ஈரச்சாக்கு மாதிரி கிடக்கும். அன்றும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் சாயங்காலம் கால் வருவதற்குள் முடிக்கவேண்டும். அப்பாவின் மாடலுக்கு வீடியோ கிடைக்கவில்லை. அதன் அண்ணன் மாடலுக்கு ஒன்று கிடைத்தது, இந்தியில். எனக்கு இந்தி தெரியாது. கை போவதைப் பார்த்தால் போதாதா என்று நினைத்தேன். நான் எல்லா வீடியோவையும் இரட்டை வேகத்தில் பார்க்கிறவள். நடுவில் அந்த ஆள் எதையோ விரலால் காட்டி நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளிவிட்டேன்.

பின்மூடி பசையில் ஒட்டியிருக்கும், சூடு காட்டினால் இளகும். வீடியோக்காரரிடம் அதற்கென்று ஒரு மெஷின் இருந்தது. எங்களிடம் அம்மாவின் முட்டிவலிக்கு வாங்கிய வெந்நீர்ப் பை இருந்தது.

“ஏய், அத்த எங்க எடுத்துகினு போற? எனக்கு வோணும்.”

“போனுக்கு முட்டிவலிம்மா.”

“போனுக்கு ஒத்தடம் குடு. ஆத்தாளுக்குக் குடுக்காத.”

நாலு முறை வெந்நீர் மாற்றினேன். காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டை ஓரத்தில் நுழைத்து, பாயசத்து ஏடு எடுப்பதுபோல் மெதுவாக நகர்த்தினேன். ஒரு மூலையில் மூடி விரிசல் விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த அப்பா அதைப் பார்த்தார். அவருக்குத் தகடு நெளிவதும் கிழிவதும் புதிதில்லை. ஸ்குரூக்களைக் கழற்றக் கழற்ற வாங்கி, வந்த வரிசையிலேயே எவர்சில்வர் தட்டில் வைத்தார். பேட்டரியின் இணைப்பை எடுத்தேன். கீழ்ப்பக்கம் ஒரு கறுப்புக் கவசம். அதையும் எடுத்ததும், மூலையில் பளபளவென்று பொத்தான் போல அது இருந்தது.

பசையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கார்டு நுழையவில்லை. “ஊக்கு இருக்கா?” என்றேன். அம்மா வளையலிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். நிமிர்த்தி நெம்பினேன். இரண்டாவது நெம்பில் ஊக்கு வழுக்கிப் பக்கத்தில் எங்கோ குத்தியது. பார்த்தேன், எங்கே குத்தியது என்றே தெரியவில்லை. ஒன்றும் உடையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் மோட்டார் வந்துவிட்டது. புதியதை அந்தக் குழியில் அழுத்தி, எல்லாவற்றையும் மூடிப் போனை உயிர்ப்பித்தபோது எனக்குக் கழுத்து இறுகிப்போயிருந்தது.

என் போனிலிருந்து அடித்தேன். அவர் போன் எவர்சில்வர் தட்டில் தடதடவென்று ஓடியது. அப்பா அதை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, திரும்ப அடி என்று கை காட்டினார். அடித்தேன். பாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“கீது. கீதுமா.”

பிறகு எடுத்து, “ஹலோ, ஹலோ, பேசுறது யாரு?” என்று விளையாட்டுக் காட்டினார். நானும் “கம்பெனிலேந்து பேசறோம், சார்” என்றேன். அம்மா சிரித்தாள். மூன்றடி தள்ளி உட்கார்ந்து பேசிக்கொண்டதால் அவர் குரல் எனக்கு நேராகவே கேட்டது. போன் வழியாக வருகிறதா என்று யாரும் யோசிக்கவில்லை. நான் அங்கேயே தரையில் சாய்ந்துவிட்டேன்.

பொழுது இறங்கும் நேரத்தில் உண்மையான கால் வந்தது. யாரும் ஓடவில்லை. பாக்கெட் அதிர்ந்தது, அப்பா எழுந்தார், எடுத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

“சொல்லு தம்பி.”

சூப்பர்வைசருக்குக் கட்டைத் தொண்டை, அப்பாவும் ஒலியை முழுசாக ஏற்றி வைத்திருப்பார். எங்களுக்கே கேட்டது.

“அண்ணே... ஹலோ... அண்ணே?”

“கேக்குது, சொல்லு.”

“இன்னாண்ணே, எட்துகினு சும்மா கீறீங்க? ஹலோ! காது அவுட்டா?”

கால் நின்றுபோனது. அப்பா போனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதில் களைப்புதான் இருந்தது. அம்மா, “போச்சா?” என்றாள்.

ஊக்கு எங்கே குத்தியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடியில் இருக்கும் மைக்கைக் குத்திவிட்டேன். அது போய்விட்டால் எதிராளிக்கு நம் குரல் போகாது. இன்னும் ஒரு நிமிஷத்தில் சூப்பர்வைசர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மூளை எங்கெங்கோ ஓடியது. நிறைய போன்களில் மேலேயும் ஒரு மைக் உண்டு. ஸ்பீக்கரில் போட்டால் போன் அந்த மேல் மைக்கால் கேட்கும். இதிலும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, அவர் நம்பரைத் திரும்ப அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தலைகீழாக அப்பாவின் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.

“தம்பி! நான்தான்! நாளிக்கி இன்னா ஷிப்ட்டு?” அப்பா போட்ட சத்தத்தில் வாசல் கைப்பிடிச் சுவரில் படுத்திருந்த பூனை குதித்து ஓடியது.

“ஐயோ, மெதுவாண்ணே! எனக்குக் காது நல்லாத்தான் கீது. உங்களுக்குத்தான் போச்சுன்னு நெனைச்சேன்.”

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனுக்கு இல்ல தம்பி. போனுக்குத்தான் காது போச்சி. நான் பேசுறது அதுக்குக் கேக்க மாட்டேங்குது.”

“அப்ப சரி. மொத ஷிப்ட்டு. வந்துடுங்க.”

மறுநாள் ரயிலில், அதே வீடியோவைச் சாதாரண வேகத்தில் பார்த்தேன். நான் தள்ளிவிட்ட இடத்தில் வீடியோக்காரரின் விரல் மைக்கின் ஊசித்துளையைக் காட்டிக்கொண்டிருந்தது. கையில் இரும்பு எதுவும் இல்லை, பிளாஸ்டிக் குச்சிதான்.

மைக், சார்ஜ் குத்தும் ஓட்டை எல்லாம் சேர்ந்த கீழ்ப் பலகை தனியாகக் கிடைக்கிறது. பட்டாபிராமில் இறங்குவதற்குள் அதையும் ஆர்டர் போட்டேன். அது வந்து சேரும் வரை அப்பா தினமும் வாசலில் நின்று ஸ்பீக்கரில் கத்தினார். அவர் ஷிப்ட் எங்கள் தெருவுக்கே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர், “நாளிக்கி ரெண்டாவதாமே, அண்ணாத்தே?” என்று அவர் வாயைத் திறக்குமுன்பே கேட்டார். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியது. அம்மா மிளகு தட்டிப் போட்டுப் பால் கொடுத்தாள்.

ஆனால் நான் கவனித்த ஒன்று இருக்கிறது. சூப்பர்வைசர் சொன்னது புரியாவிட்டால் முன்பெல்லாம் அப்பா “சரி தம்பி” என்று சொல்லிவிட்டு, பிறகு யாரிடமாவது விசாரிப்பார். இப்போது “இன்னா? இன்னா சொன்ன? போன் சரியில்ல, திரும்பச் சொல்லு” என்கிறார், தயங்காமல். சூப்பர்வைசரும் திட்டாமல் திரும்பச் சொல்கிறார். ஒரே காலில் மூன்று தடவை சொல்லவைத்ததைக்கூடக் கேட்டிருக்கிறேன்.

பலகை நேற்று வந்தது. அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அதன் துளையைப் பார்த்தார். என்னவோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன்.

“போட்டா, மெதுவா பேசுனா போதுமா?” என்றார், கம்மிய தொண்டையில்.

“போதும்ப்பா. காதுல வெச்சே பேசலாம்.”

“அப்போ போடு. தொண்ட போச்சி.” பலகையைத் திருப்பிக் கொடுத்தார். “ஆனா போட்டேன்னு எவன்கிட்டயும் சொல்லாத. எதிர்வூட்டான்கிட்டகூட. போன் இன்னும் ரிப்பேராத்தான் கீது. புரிதா?”

உதட்டை நன்றாக அசைத்து, புரிகிறது என்றேன்.

இந்த ஞாயிறு, கால் வந்து முடிந்த பிறகு, மூடியை மறுபடி திறக்கப் போகிறேன். விரிசல் விட்ட மூலையிலிருந்து தொடங்கக் கூடாது, எதிர் மூலையிலிருந்து. ஊக்கு வேண்டாம், ஐஸ் குச்சியைச் சீவிக்கொள்ளலாம். மூடுவதற்கு முன் அப்பாவை அந்தப் போனோடு மொட்டை மாடிக்கு அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, அங்கிருந்து மெதுவாகப் பேசச் சொல்லவேண்டும்.