குளிராத ஏசிக்கு வந்த முந்நூறு ஹார்ட்டு

அந்தக் குடியிருப்பில் யார் வீட்டு ஏசி மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவது அவரைத்தான். முப்பது வருடத் தொழில். அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும், எல்லோருக்கும் அவர் 'கூலிங்' அண்ணன். ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், கம்ப்ரசர் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று சாக்குச் சொல்ல அவருக்கு வழியே இல்லை.

அங்கே உள்ளவர்கள் தங்களுக்கென்று ஒரு வலைத்தளம் நடத்துகிறார்கள். 'நம்ம பலகை' என்று பெயர். முதலாளி கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆளாளுக்கு முடிந்ததைக் கொடுக்கிறார்கள், அதில் ஓடுகிறது. ரத்தம் வேண்டுமா, பழைய பாடப்புத்தகம் வேண்டுமா, டயாலிசிஸுக்குப் போக வண்டி வேண்டுமா, எழுதிய பத்து நிமிடத்தில் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அதன் சர்வர் மருந்துக்கடையின் பின்னறையில் இருக்கிறது. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்காதான் அதைக் கட்டிக் காக்கிறார்.

கோடை தொடங்கியதும் அக்கா பலகையில் எழுதினார்: அறை கொதிக்கிறது, சூட்டில் சர்வர் படுத்துவிடும், யாராவது ஒரு ஏசி தாருங்கள். கூலிங்கின் கடை மூலையில், ஏதோ ஓர் ஆபீசிலிருந்து கழற்றி வந்த ஏசி தூசி தின்றுகொண்டிருந்தது. ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். இரண்டு மாதம், அதற்கு மேல் ஒரு நாள் தாங்காது. 'சும்மா குடுக்கறதுக்கு இது போதாதா?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாவி மனுஷன், ஒரு கை பெயின்ட் வேறு அடித்துக் கொண்டுபோய் மாட்டினார்!

அக்கா போட்டோ எடுத்துப் பலகையில் போட, முந்நூறு ஹார்ட்டு விழுந்தது. 'வள்ளல்' என்றார் ஒருவர். 'உங்க மனசுக்கு நூறு வயசு இருக்கணும்' என்றார் இன்னொருவர். கூலிங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்கு நாலு தடவை படித்துக் காட்டினார். "போதும்ங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார் அவர்.

மூன்றாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பலகை திறக்கவில்லை. மறுநாள் காலையில்தான் உயிர் வந்தது. அதற்குள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சட்டை தைக்கும் தையல்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டயாலிசிஸுக்கு வண்டி கேட்டு அவர் எழுத உட்கார்ந்த நேரத்தில் பலகையே இல்லை. அன்றைய டயாலிசிஸ் தவறிப்போய் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

"ஏசி போச்சா?" என்று ஒருவர் பலகையில் கேட்டதுதான் தாமதம், பத்துப் பேர் பாய்ந்தார்கள். "மனுஷன் தானமா குடுத்திருக்காரு, அதுல குத்தம் கண்டுபிடிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" அதைப் படித்த கூலிங்குக்கு உடம்பெல்லாம் கூசியது.

அக்கா போன் செய்தார். "ஒரு எட்டு வந்து பாருங்க தம்பி. கூலி குடுத்துடறோம்."

போனார். பின்னறையில் இரண்டு மேசை விசிறிகள், ஜன்னலில் ஈரச் சாக்கு, சர்வருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பில் பாதி கரைந்த ஐஸ்கட்டி.

"என்னக்கா இது?"

"மீன்கடை ஐஸ்தான். சரியா ரெண்டு மாசம் ஓடிச்சு தம்பி. அப்புறம் வெறும் காத்துதான். தினம் மத்தியானம் நான்தான் ஐஸ் தூக்கிட்டு வரேன். செவ்வாய்க்கிழமை எனக்கு ஜுரம், எந்திரிக்க முடியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்படிப்பா சொல்றது? முந்நூறு பேர் உங்களை வாழ்த்தியிருக்காங்க. குடுத்தது குளிரலன்னு சொன்னா உங்க மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. ஐஸ் தூக்கிய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கூலிங்குக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

நேரே வீட்டுக்குப் போய்ப் படுக்கையறையிலிருந்த சொந்த ஏசியைக் கழற்றினார். "நம்மளதையா குடுக்கப் போறீங்க?" என்று மனைவி திகைத்தார். "அன்னிக்கே இதைத்தான் குடுத்திருக்கணும்" என்றார். மாட்டி முடித்ததும் அக்கா போட்டோவுக்கு போனைத் தூக்கினார். "வேணாம்க்கா, உங்க கால்ல வேணா விழறேன்."

சாயங்காலம் அவரே பலகையில் எழுதினார்: 'முதல்ல நான் குடுத்த ஏசி ரெண்டு மாசத்துல போயிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்.' எழுதிவிட்டு, திட்டு வரட்டும் என்று காத்திருந்தார்.

ஹார்ட்டுதான் வந்தது. போட்டோ இல்லாவிட்டால் என்ன, சொந்த ஏசி வந்த கதையை அக்கா அதற்குள் நாலு பேரிடம் சொல்லியிருந்தார். 'சொந்த ஏசியையே கழட்டிக் குடுத்துட்டு இப்படிப் பேசறாரே, என்ன ஒரு தன்னடக்கம்!' 'பழியைத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க!' ஒருவரும் நம்பவில்லை. ஒவ்வொரு ஹார்ட்டும் அவருக்குச் செருப்படியாக விழுந்தது.

கடைசியில் தையல்காரர் எழுதியிருந்தார். ஹார்ட்டு இல்லை.

'அன்னிக்கு பலகை இப்ப திறக்கும், அப்ப திறக்கும்னு நான் செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்லயே மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்.'

அதை எத்தனை முறை படித்தார் என்று தெரியாது. அழுகை வந்தது. தான் சொன்னதை நம்பிய ஒரே மனிதருக்குப் பதிலாக, பலகையில் டயாலிசிஸுக்கு வண்டி ஓட்டுபவர்கள் பட்டியலைத் திறந்து, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரே தன் பெயரைப் போட்டார்.