வீட்டில் தமிழ் கூடாது

பிழைக்கப் போன அயலூரில் பஸ் ஓட்டிய அந்தத் தமிழ் டிரைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் பஸ் டிப்போ சூப்பர்வைசர் வேலைக்கு நேர்காணல் வைத்த அன்று மட்டும் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார். "நீங்க பேசறது பயணிகளுக்குப் புரியாதே" என்று அந்த ஊர்க்கார அதிகாரிகள் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். அத்தனை வருஷமாய் அதே பயணிகளைத்தானே ஏற்றி இறக்கினார்! வயிறு எரிந்தது மனுஷனுக்கு.

வீட்டுக்கு வந்ததும் கைக்குழந்தையோடு நின்ற மனைவியிடம் சட்டம் போட்டார். "இனிமே இவன் காதுல தமிழே விழக்கூடாது. இந்த ஊர்ப் பேச்சு மட்டும்தான்."

"எனக்கு அதுல நாலு வார்த்தைதானே தெரியும்? புள்ளைய எப்படிங்க கொஞ்சறது?"

"கொஞ்சாட்டி ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டான். நான் பட்டது போதும். இவனாவது தலைநிமிர்ந்து நடக்கட்டும்."

அதற்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும்கூடப் பையன் தூங்கிய பிறகுதான் தமிழில் பேசிக்கொள்வார்கள், அதுவும் குசுகுசுவென்று. அந்த மகராசி பெற்ற பிள்ளையோடு கடைசிவரை ஜாடையிலேயே காலம் தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அப்போதும் இந்தப் பாவி மனுஷனுக்கு உறைக்கவில்லை.

எப்படி உறைக்கும், நினைத்தது நடந்துவிட்டதே! பையன் படித்தான். அப்பாவைத் திருப்பி அனுப்பிய அதே போக்குவரத்துக் கழகத்தின் அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தான். போனில் அவன் குரலைக் கேட்டால் வேற்று இனத்தான் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார் டிரைவர்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. கூடவே, பாடுபட்டுக் கற்ற ஊர்ப் பேச்சும் அடியோடு போயிற்று. நாக்கில் மிஞ்சியது தமிழ் மட்டும். மகன் பேசுவது அவர் காதில் வெறும் சத்தமாக விழுந்தது.

மகன் பாவம், ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டும் தமிழ்ப் பெண்ணைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். தலையணையை உயர்த்தச் சொல்கிறார், ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார் என்று அவள்தான் அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே நின்று சொன்னாள். அவளுக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. பெரியவர் ஏதாவது பேசினால் சும்மா தலையாட்டுங்கள், அமைதியாகிவிடுவார் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். டிரைவர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினார். பெற்ற பிள்ளையிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

"டேய், பயமா இருக்குடா. அப்பா செத்துப் போயிடுவேனாடா?"

கலங்கிய அந்தக் கண்களைப் பார்த்து மகனுக்கு மனசு கேட்கவில்லை. தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.