துடைக்காமல் வைத்த பூஜ்ஜியம்

விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தடிமன் அளக்க, விலை பார்க்காமல் நல்ல டிஜிட்டல் காலிப்பர் ஒன்று வாங்கினேன். சூளையிலிருந்து வந்த கட்டைகளை அதில் அளந்தால், எல்லாமே தடிமன் குறைவாகக் காட்டின.

அச்சில் மண் போட்டு அழுத்துபவர் செல்வி அக்கா. எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டேன். "மண்ணைக் குறைச்சுப் போடுறீங்களா?"

"ஒம்பது வருஷமா ஒரே அளவுதான் தம்பி. பழைய வெர்னியர்ல ஒருவாட்டி பாத்துடுங்க."

"இது பொய் சொல்லாதுக்கா" என்று சொல்லி, கட்டைகளை உடைக்க வைத்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுவாரம் பேட்டரி மாற்றும்போதுதான் கவனித்தேன். ஈரக் கட்டையை அளந்தபோது ஒட்டிய மண், காலிப்பர் வாயின் அடியில், அளக்கும் கட்டை படாத இடத்தில், காய்ந்து கிடந்தது. அதைத் துடைக்காமலே வாயை மூடிப் பூஜ்ஜியம் வைத்திருக்கிறேன். அதனால்தான் எல்லா அளவும் குறைந்தது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். டீ கொடுத்தார். "மனசுல ஒண்ணும் இல்ல தம்பி. வேலைக்கு மட்டும் கூப்புடாதீங்க" என்றார்.

இப்போது தினமும் வாயைத் துடைத்து, பூஜ்ஜியம் பார்த்து, வெர்னியரில் சரிபார்த்த ஒரு கட்டையை அளந்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன். அன்று உடையாமல் தப்பிய அக்காவின் கட்டை அது. ஒருநாளும் அளவு குறைந்ததில்லை.