எட்டாவது படம்

எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே புகைப்படம் தாத்தாவுடையது. நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். எடுத்தபோது அவர் உயிரோடு இல்லை. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டுப் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். உயிரோடு இருப்பவரை வீட்டில் வைத்து எடுத்தால் ஆயுசு குறையும் என்று அம்மா உறுதியாக நம்பினாள்.

அதனால்தான் பினாங்கில் கடை வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அத்தையின் படம் கேட்டு எழுதியபோது வீடே திருதிருவென்று விழித்தது. அத்தை அய்யாவின் தங்கை. வயசுப் பெண்ணை ராமநாதபுரம் ஸ்டுடியோவில் கொண்டுபோய் உட்கார வைக்க அய்யாவுக்கு மனமில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாண வெட்கம் என்றார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பிலிருந்து ஒரு பெட்டிக் கேமராவோடு திரும்பியிருந்தார். உத்தியோகம் என்று சொல்லிக்கொள்ள அதைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை.

"தேரிக்குள்ள மழைத்தண்ணி அறுத்த ஓடை ஒண்ணு கெடக்கு. ரெண்டு பக்கமும் சுவரு மாதிரி மண்ணு. அங்கன வச்சு எடுத்தா சினிமாக் கணக்கா இருக்கும்" என்றார்.

வீட்டில் எடுக்கவில்லையே, அம்மாவுக்கும் சம்மதம். காவலுக்கு என்னை அனுப்பினார்கள். எனக்கு ஏழு வயது, நல்ல காவல்! ஃபிலிமில் எட்டுப் படம். அதில் ஒன்று எனக்கு என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

சாயல்குடிக்குத் தெற்கே அந்தத் தேரியின் செம்மணல் மேட்டில் ஓர் எட்டு வைத்தால் அரை எட்டு பின்னால் சரியும். உடைமரத்து முள் குத்தி இரண்டு தடவை அழுதேன். ஓடைக்குள் இறங்கியதும் அழுகை நின்றுவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு மழை வரிவரியாக அறுத்த மண். அத்தை கையை விரித்தால் இரண்டு சுவரும் எட்டின. மேலே ரிப்பன் அகலத்துக்கு வானம். எவ்வளவு அழகான இடம் அது!

அத்தை இருட்டான வளைவில் போய் நின்றாள்.

"இன்னும் தள்ளிப் போகவா?"

"போ. இன்னும் போ."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "உச்சியானா வெயிலு உள்ள இறங்கிருமே."

"அதுக்குத்தானே வெரசா எடுக்குறேன்."

வெயில் பட்டால் அத்தை கறுத்துவிடுவாள் என்கிற அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். ஏழு படம் முடிவதற்கும் வெயில் உள்ளே விழுவதற்கும் சரியாக இருந்தது. சுவர் இரண்டும் செக்கச்செவேலென்று ஆயின. எட்டாவது படத்துக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மாமாவே மதுரைக்குப் போய்ப் படங்களைக் கழுவி வாங்கி வந்தார். ஏழிலும் அத்தை இருந்தாள், முகம்தான் இல்லை.

"ஏலே, இது என் தங்கச்சியா, பனங்கட்டையா? வெளிச்சம் பார்க்கத் தெரியாதவனுக்கு கேமரா ஒரு கேடா?" என்று அய்யா கத்தினார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். என் படம் எங்கே என்று கேட்டேன். "அது விழலத்தா" என்றார். நான் ஊரைக் கூட்டி அழுதேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் இருந்ததில் ஒன்றைப் பினாங்குக்கு அனுப்பினார்கள். பெண்ணுக்கு முகத்தில் ஏதோ குறை, மறைக்கிறார்கள் என்று அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு ஊருக்குள்ளும் பரவி, அதன்பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. கடைசியில் அய்யா, "பேரைக் கெடுத்தவனே கட்டிக்கிறட்டும்" என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டார். அத்தை அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக் குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். மாமாவோடு அவர்கள் கல்யாணம்வரை நான் பேசவே இல்லை.

பல வருஷம் கழித்து அத்தையின் டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் அந்த எட்டாவது படத்தைப் பார்த்தேன். முன்பல் விழுந்த பொந்தும் மூக்கில் ஒட்டிய மண்ணும்கூட அவ்வளவு தெளிவு. அதை மட்டும் அன்றைக்கு அய்யா பார்த்திருந்தால் அத்தை பினாங்குக்குக் கப்பல் ஏறியிருப்பாள். ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் படம் விழவில்லை என்பதுதான்.