மூன்றில் ஒரு பங்கு மருந்து

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாவது வருடம் அது. மலாக்காவில் காஜா பெராங் என்ற பகுதியில், ஒரு செட்டி குடும்பத்து வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் பன்னிரண்டு வருடம் சாமான் நிறுத்துப் போட்ட மளிகைக்கடை மூடிக் கிடந்தது. அடுத்த அறையில் ஓர் இளைஞர். சிங்கப்பூரில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவர், சண்டை வந்ததும் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். கொல்லையில் நாங்கள் இருவரும் சேர்ந்து மரவள்ளி போட்டோம். அவர் மண்வெட்டி பிடிக்கிற அழகைப் பார்த்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள், பிள்ளைகளே.

"என்ன தம்பி, மண்ணுக்கு வலிக்கும்னு பாக்கிறீங்களா?" என்று நான் தினமும் கேலி செய்வேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அந்தச் சமயத்தில் என் ஐந்து வயது மகளுக்கு மலேரியா வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், நண்பகலில் குளிர் அவளைத் தூக்கித் தூக்கிப் போடும். அதற்கான கொயினா மருந்து எங்கேயும் கிடைக்காத காலம். மருந்தகத்தில் டாக்டருக்கு உதவியாக இருந்த டிரசர், குப்பியின் அடியில் மிஞ்சியிருந்த தூளைத் தட்டி ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

"இதுதான் கடைசி. மூணு சமபங்கு போட்டு மூணு நாள் காலையில கொடு. கூடிப்போனா சின்னப் புள்ளைக்கு ஆபத்து. கொறஞ்சா காய்ச்சல் விடாது" என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. அதற்குமேல் அவரைக் கேட்க முடியவில்லை.

பங்கு போடுவதுதானே, நமக்குக் கைவந்த வேலை என்று நினைத்தேன். வீட்டில் ஒரு சின்னக் கைத்தராசு இருந்தது. எடைக்கல் இல்லை. கைக்கணக்கில் மூன்று குவியல் போட்டேன். முதலாவதையும் இரண்டாவதையும் நிறுத்தால் முதலாவது இறங்கியது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மூன்றாவதில் போட்டால், இப்போது மூன்றாவது இறங்கியது. மாற்றி மாற்றிப் போட்டதில் தூள் விரலில் ஒட்டி வீணாகிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இப்படியே போனா புள்ளைக்கு உங்க விரலத்தான் நக்கக் கொடுக்கணும்" என்றாள் என் மனைவி.

எல்லாவற்றையும் ஒன்றாக்கி மறுபடி பிரித்தேன். அப்போதும் முதல் குவியல்தான் கனத்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, உங்க கை கடைக்காரர் கை. முதல் பங்குக்குத் தானா கொசுறு போடுது."

அது உண்மை. கடைக்கு வரும் குழந்தைகளுக்குக் கொசுறு போட்டே பழகிய கை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"மண்வெட்டியே பிடிக்கத் தெரியல. நீங்க தராசு பிடிக்கப் போறீங்களா?"

"தராச நீங்களே பிடிங்க அண்ணே. எடைக்கல் இல்லாத தராசு பாதி மட்டும்தான் ஒழுங்காப் போடும். நாம பாதி மட்டும் போடுவோம்" என்றார்.

அவர் சொன்னபடி, தராசின் இரண்டு தட்டும் சமமாக நிற்கும்வரை மொத்தத் தூளையும் சரிபாதியாக்கி, இடது பக்கம் ஒரு தாளிலும் வலது பக்கம் ஒரு தாளிலும் வைத்தேன்.

"இடதுல இருக்கிறது மூணுல ஒண்ணுக்கு அதிகம். அதுல பாதிய வலது பக்கம் தள்ளுங்க. கலந்துடாம தனியா ஓரத்துல வைங்க."

தள்ளினேன்.

"இப்ப இடதுல கொறைச்சல். தள்ளினதுல பாதிய திருப்பி வாங்குங்க."

வாங்கினேன். மறுபடி அதிகம் என்றார். வாங்கியதில் பாதியைக் கொடுக்கச் சொன்னார். மறுபடி குறைவு. கொடுத்ததில் பாதியை வாங்கச் சொன்னார். இடது பங்கு ஒருமுறை கூடியது, ஒருமுறை குறைந்தது. ஆனால் கூடுவதும் குறைவதும் ஒவ்வொரு தடவையும் பாதியாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இது எப்ப முடியும் தம்பி?" என்று கேட்டாள் மனைவி.

"முடியவே முடியாதுக்கா."

"ஐயோ! அப்ப புள்ளைக்கு மருந்து?"

அவர் சிரித்துவிட்டார். "முடியாதுதான். ஆனா நிறுத்தலாம். சரியான மூணுல ஒண்ணு, இப்ப இருக்கிறதுக்கும் அடுத்த தடவை வரப்போறதுக்கும் நடுவுலதான் இருக்கு. அதனால இங்க நிறுத்தினா, நம்ம தப்பு அடுத்து நகத்தப்போற சிட்டிகைய விடப் பெருசா இருக்கவே முடியாது. அந்தச் சிட்டிகை எவ்வளவு இருக்கும், பாருங்க."

பார்த்தேன். கடைசியாக வாங்கியதே நகத்து நுனி அளவுதான். அதில் பாதி! இவ்வளவு சின்னத் தப்பால் ஒன்றும் ஆகாது என்று மனம் சொன்னது. நிறுத்தினேன். வலது பக்கம் இருந்ததை எல்லாம் சேர்த்து இரண்டாக்கினேன். இருந்தாலும் சந்தேகம் விடவில்லை. இடது பங்கையும் மற்ற இரண்டில் ஒன்றையும் தட்டுகளில் வைத்துத் தூக்கினேன். முள் கொஞ்சம் நடுங்கி, ஏறக்குறைய நடுவில் வந்து நின்றது.

மறுநாள் காலை முதல் பங்கைக் கொடுத்தோம். நண்பகல் வந்தது. நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குளிர் வந்தது, ஆனால் பழைய வேகம் இல்லை. மூன்றாம் நாள் நண்பகல் வந்து போனது, குளிர் வரவில்லை. என் மகள் எழுந்து உட்கார்ந்து, அவித்த மரவள்ளி கேட்டாள். "சீனி போட்டுத்தான் வேணும்" என்று அடம் வேறு. சீனிக்கு எங்கே போவது! எனக்கு அந்த அடம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அவர் பாத்தியையும் நானே கொத்தினேன். கேலி செய்ததற்கு வருத்தம் சொல்லிவிட்டு, "எப்படித் தம்பி அவ்வளவு உறுதியா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"சரியான பங்க என்னாலயும் போட முடியாதுண்ணே. தப்பு எவ்வளவுக்கு மேல போகாதுன்னு மட்டும்தான் தெரியும்" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தக் கணக்கின் பெயர்கூடத் தெரியாது. ஆனால், பிள்ளைகளே, முழுக்கச் சரியாகச் செய்ய முடியாது என்று தோன்றும் காரியங்களில், பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல், "தவறினால் எவ்வளவு தவறுவேன்?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் சிறியதாக இருந்தால், துணிந்து செய்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறேன்.