பூனைக்காது

படக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம். விடைத்த காதைத் தலைமுடிக்குள் மறைத்தே பள்ளிக்கூடம் போய்வந்தவள் அவள். இன்று பிள்ளைகளுக்குப் படக்கதை வரைகிறாள். ஜப்பான் கார்ட்டூன் பாணியில், முகத்தில் பாதி கண்ணாக, தலையில் பூனைக்காதோடு ஒரு சிறுமியை வரைந்திருந்தாள். புதுப் பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத அந்தச் சிறுமி, காதை மறைக்காமலே சிநேகிதி பிடிப்பதுதான் கதை.

பதிப்பாளர் போனில், "கதை பிரமாதம்மா. அந்தக் காதை மட்டும் எடுத்துடுங்க. மத்த பிள்ளைங்களோட ஒட்டலை," என்றார்.

போனை வைத்ததும் பொரிந்து தள்ளினாள். "ஒட்டாததுதானே கதையே! யானைக் கதைன்னா தும்பிக்கையை எடுக்கச் சொல்வாரா இந்த மனுஷன்?"

"விடுடி. சொன்னதைச் செஞ்சு குடுத்துட்டுப் போ," என்றாள், பக்கத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அக்கா.

ரப்பரைப் படத்திலிருந்த காதருகே கொண்டுபோனாள். மனசு வரவில்லை. அதை வீசிவிட்டுப் பேனாவை எடுத்தாள். வகுப்புப் பிள்ளைகள், டீச்சர், வாட்ச்மேன் என்று எல்லார் தலையிலும் பூனைக்காது முளைத்தது. ஒரே ஒரு தலையை மட்டும் சும்மா விட்டாள். அது தலைமையாசிரியருடையது; பதிப்பாளரின் அதே வழுக்கை, அதே கண்ணாடி.

மறுநாள் அவளே போன் போட்டாள்.

"காது விஷயம் முடிஞ்சுது சார். இப்ப எல்லாரும் ஒட்டிட்டாங்க. பாவம், உங்களைத்தான் யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க."